'கோதுமையை நிறுத்துங்க' என்று டாக்டர் சொன்ன பிறகு வரும் முதல் மாதம்: அரிசி சாப்பிடும் வீட்டில் குளூட்டன் எங்கே இருக்கிறது?

"இன்னையிலேர்ந்து கோதுமை, மைதா, ரவை எதுவும் கூடாது. வாழ்நாள் முழுக்க."

சீலியாக் நோய் உறுதியானவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் முக்கிய சிகிச்சை இவ்வளவுதான். இந்த நோயைக் குணப்படுத்த இன்றுவரை மாத்திரையோ ஊசியோ கிடையாது. உணவிலிருந்து குளூட்டனை முழுசாக எடுத்துவிடுவது மட்டும்தான் வழி.

மூன்று வேளையும் ரொட்டி சாப்பிடும் வட இந்தியக் குடும்பத்துக்கு இது பெரிய அதிர்ச்சி. தமிழ்நாட்டில் பல வீடுகளில் கதை வேறு. "அவ்வளவுதானே, நாமதான் இட்லி, தோசை, சோறு சாப்பிடுறவங்களாச்சே" என்று நிம்மதியோடு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். சப்பாத்தியும் பரோட்டாவும் அன்றைக்கே நின்றுவிடும். ஆனாலும் சிலருக்கு வாரங்கள் கடந்தும் வயிறு சரியாவதில்லை, ரத்தப் பரிசோதனையில் அந்த எண்ணும் இறங்குவதில்லை.

தட்டில் கண்ணுக்குத் தெரிகிற கோதுமையை நிறுத்துவது எளிது. சாம்பாரில் கரைந்துபோன கோதுமையை யார் கவனிப்பது? ஒவ்வோர் ஆண்டும் மே 16-ம் தேதி சர்வதேச சீலியாக் தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் 'குளூட்டன் ஃப்ரீ' பாக்கெட்டுகளும் பெருகிவிட்டன. இந்த உணவுமுறை யாருக்குத் தேவை, ஆரம்ப நாட்களில் என்ன நடக்கும், அரிசி சாப்பிடும் ஊரில் எங்கே தவறு நடக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

குளூட்டன் என்றால் என்ன?

கோதுமையில் இருக்கும் புரதங்களின் தொகுப்புக்குப் பெயர்தான் குளூட்டன். பரோட்டா மாவை இழுத்து வீசும்போது அது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது இதுதான். பார்லியிலும், ரை எனப்படும் தானியத்திலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள் உள்ளன. மைதா, ரவை, சேமியா, சம்பா ரவை எல்லாமே கோதுமையிலிருந்து வருபவைதான்.

பெரும்பாலானவர்களுக்கு குளூட்டனால் எந்தப் பிரச்னையும் இல்லை. பிரச்னை இருப்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

* சீலியாக் நோய்: இது அலர்ஜி இல்லை. குளூட்டன் உள்ளே போனதும் உடலின் நோய் எதிர்ப்பு சக்தி, தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்துகளை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது.

* கோதுமை அலர்ஜி: சாப்பிட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வரலாம். இவர்களுக்கு கோதுமை ஆகாது. பார்லி பலருக்கும் ஒத்துக்கொள்ளும்.

* சீலியாக் அல்லாத குளூட்டன் உணர்திறன்: பரிசோதனைகளில் எதுவும் தெரியாது, ஆனால் கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்பும். இதற்கு குளூட்டன்தான் காரணமா என்பதிலேயே விவாதம் இருக்கிறது. நார்வேயில் 59 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச்சத்துதான் குளூட்டனைவிட அதிகத் தொந்தரவு தந்தது தெரியவந்தது. இதே ஃப்ரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு.

வாழ்நாள் முழுக்க, துளிகூட குளூட்டன் படாமல் இருக்க வேண்டிய கட்டாயம் முதல் வகையினருக்குத்தான்.

கோதுமைதான் குற்றவாளி என்பதை உறுதிப்படுத்தியவர் நெதர்லாந்தின் குழந்தைகள் மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் கடைசி குளிர்காலமான 1944-45-ல் அந்நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டியே கிடைக்காத அந்த மாதங்களில் சீலியாக் குழந்தைகள் தேறினார்கள்; ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. 1930-களிலிருந்தே கோதுமை மீது சந்தேகம் கொண்டிருந்த அவர், 1950-ல் தன் ஆய்வேட்டில் இதைப் பதிவு செய்தார்.

தமிழ்நாட்டில் இந்த நோய் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் குறைவு. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரிடம் பரிசோதனை நடத்தப்பட்டது. தெற்கில் ஆய்வு நடந்த இடம் வேலூர். சீலியாக் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம்.

தென்னிந்தியர்களின் மரபணுதான் காப்பாற்றுகிறதா? இல்லை. இந்த நோய் வர ஹெச்.எல்.ஏ டி.க்யூ2 அல்லது டி.க்யூ8 என்ற மரபணு வகை இருக்க வேண்டும். அது வடக்கில் 38.1 சதவீதம் பேரிடமும் தெற்கில் 36.4 சதவீதம் பேரிடமும் இருந்தது. கிட்டத்தட்ட சமம்.

பெரிய வித்தியாசம் தட்டில்தான். ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம். தெற்கில் வெறும் 25 கிராம்.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, தமிழ்நாட்டின் தட்டு மாறிவருகிறது. சுகர் வந்தால் ராத்திரி சப்பாத்தி என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. பிஸ்கட், பன், நூடுல்ஸ் இல்லாத வீடு அபூர்வம். மரபணு தயாராக இருக்கும் ஊரில் கோதுமை கூடும்போது என்ன ஆகும் என்பது மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய கேள்வி.

இரண்டு, நோய் அரிது என்பதால் சந்தேகமும் தாமதமாக வருகிறது. இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு கொடுத்தாலும் ஏறாத ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரமோ எடையோ இல்லாத குழந்தை, மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, அடிக்கடி வாய்ப்புண், இளம் வயதிலேயே எலும்புத் தேய்மானம் எல்லாமே இதன் அறிகுறியாக இருக்கலாம். டைப் 1 சர்க்கரை நோய், தைராய்டு தொடர்பான தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கக்கூடும் என்பதால் அவர்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள்.

நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரே வேலை

யூடியூபில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, "எனக்கும் இதேதான் இருக்கு" என்று கோதுமையை நிறுத்துபவர்கள் நிறைய. வயிறும் லேசாகத் தெரியும். சில மாதம் கழித்து டாக்டரிடம் போனால்தான் சிக்கல் ஆரம்பம்.

சீலியாக் நோய்க்கான முதல் பரிசோதனை, டி.டி.ஜி ஐ.ஜி.ஏ என்ற ரத்தப் பரிசோதனை. அதில் எண் கூடுதலாக இருந்தால் எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டுமே, குளூட்டன் உள்ளே போய் உடல் அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால் எதிர்ப்பொருள் குறைந்திருக்கும், குடலும் ஆறத் தொடங்கியிருக்கும். நோய் இருந்தாலும் 'நார்மல்' என்று வரலாம்.

பிறகு உறுதி செய்ய வேண்டுமென்றால், திரும்பவும் கோதுமை சாப்பிட வேண்டும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்படி குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்ட பிறகே டெஸ்ட் எடுக்க வேண்டும். உடம்பு கொஞ்சம் தேறியவர்களுக்கு இது பெரிய தண்டனை. பலர் அதற்கு ஒப்புக்கொள்ளாமல், நோய் உண்டா இல்லையா என்பதே தெரியாமல் இருந்துவிடுகிறார்கள்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. மேலே சொன்ன மரபணு பரிசோதனைக்கு கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை. அந்த மரபணு இல்லை என்று வந்தால் சீலியாக் நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. இருக்கிறது என்று வந்தால் மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் மூன்றில் ஒருவருக்கு மேல் அது இருக்கிறது.

எனவே வரிசை முக்கியம்: முதலில் டெஸ்ட், அப்புறம் டயட்.

முதல் வாரம்: எதைச் சாப்பிடலாம், எதை எடுத்துவைக்க வேண்டும்?

நல்ல செய்தியிலிருந்து தொடங்கலாம். தமிழ்ச் சமையலில் பாதிக்கு மேல் இயல்பாகவே குளூட்டன் இல்லாதது.

* அரிசி, அவல், பொரி, இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம்
* கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி
* எல்லாப் பருப்புகளும், கடலை மாவும், ஜவ்வரிசியும், கிழங்குகளும்
* காய், பழம், பால், முட்டை, மீன், இறைச்சி

கண்ணுக்குத் தெரிந்தே கோதுமை இருப்பவையும் பலருக்கும் தெரியும்: சப்பாத்தி, பூரி, பரோட்டா, சமோசா, பிரட், பிஸ்கட், ரஸ்க், ரவா உப்புமா, ரவா தோசை, கேசரி, சேமியா பாயசம். ஸ்வீட் கடையில் பாதுஷா, ஜிலேபி, குலாப் ஜாமூன். திருநெல்வேலி அல்வாவும் சம்பா கோதுமைப் பாலில் கிண்டுவதுதான்.

சிக்கல் மூன்றாவது பட்டியலில். இவற்றில் கோதுமையோ பார்லியோ இருக்கும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

* கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம்
* சத்து மாவு: பல கலவைகளில் கோதுமையும் பார்லியும் சேர்ந்திருக்கும்
* பாலில் கலக்கும் மால்ட் பானங்கள்: மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டிய பார்லி
* சிறுநீர்க் கடுப்புக்கும் கால் வீக்கத்துக்கும் வீட்டில் காய்ச்சும் பார்லித் தண்ணி
* ஃப்ரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸ்: வழக்கமான முறையில் சோயாவோடு கோதுமையும் சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறார்கள்
* கோபி மஞ்சூரியன், சில்லி சிக்கன் போன்றவற்றின் மேல்மாவு
* பீர்

ஓட்ஸ் தனி ரகம். சுத்தமான ஓட்ஸ் பெரும்பாலான சீலியாக் நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவதால், குளூட்டன் ஃப்ரீ என்று குறிப்பிட்ட பாக்கெட்டாக இருந்தாலும் ஆரம்ப மாதங்களில் டாக்டரிடம் கேட்காமல் தொடங்குவது நல்லதல்ல.

ஒரு சிட்டிகை பெருங்காயம் என்ன செய்துவிடும்?

"இத்துனூண்டு பெருங்காயத்துல என்ன இருந்துடப் போகுது?" என்பது நியாயமான கேள்விதான். கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

பெருங்காயச் செடியின் பிசின் மிகவும் காரமானது. அதனால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். பல தயாரிப்புகளில் அந்த மாவு மைதா. சிலவற்றில் அரிசி மாவு. கட்டியாக இருந்தால் சுத்தமானது என்றும் அர்த்தமில்லை, கட்டிப் பெருங்காயத்திலும் மைதா சேர்ப்பதுண்டு. பாக்கெட்டின் பின்பக்கத்தில் அது அச்சிடப்பட்டிருக்கும்.

சீலியாக் நோயாளிகள் பலருக்கு ஒரு நாளைக்கு சுமார் 10 மில்லிகிராம் குளூட்டன் வரை குடலைப் பாதிக்காது என்று கருதப்படுகிறது. 2007-ல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், தினமும் 50 மில்லிகிராம் வீதம் 90 நாள் கொடுத்தபோது குடலில் பாதிப்பு தெரிந்தது.

இப்போது ஒரு சாம்பாருக்கு அரை கிராம் பெருங்காயத் தூள், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்வோம். கால் கிராம் மைதாவில் குளூட்டன் சுமார் 25 மில்லிகிராம். நான்கு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 6 மில்லிகிராம்.

ஒரு சாம்பாரோடு நின்றால் பரவாயில்லை. காலையில் சட்னித் தாளிப்பு, மதியம் சாம்பாரும் ரசமும் மோரும், ஊறுகாய், இட்லிப் பொடி, மாலையில் முறுக்கு. எல்லாவற்றிலும் பெருங்காயம் உண்டு. ஒரு நாளில் 10 மில்லிகிராம் வரம்பைத் தாண்ட சப்பாத்தியே தேவையில்லை.

அதனால்தான் முதல் நாளே மாற்ற வேண்டிய பொருட்களில் முதலிடம் அஞ்சறைப்பெட்டிக்கு. மாவு சேர்க்காத அல்லது அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்துக்கு மாறினால் போதும். பழைய தூள் விழுந்த மிளகாய்ப்பொடியும் சாம்பார்பொடியும் கூட மாற வேண்டும்.

மாவு மில்லும் தோசைக்கல்லும்

பொருளில் குளூட்டன் இல்லாவிட்டாலும், வழியில் ஒட்டிக்கொள்ளலாம். இதில் தமிழ்நாட்டுக்கே உரிய இடம் தெருமுனை மாவு மில். மிளகாய், மல்லி, கேழ்வரகு, அரிசி என்று கவனமாகக் காயவைத்து எடுத்துப் போனாலும், அதே மெஷினில் சற்று முன் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். மெஷினில் தங்கிய மாவு அடுத்தவர் தூக்குவாளியில்தான் விழும். முடிந்தவரை மிக்ஸியில் அரைப்பது, அல்லது வீட்டுக்கே சிறிய அரவை இயந்திரம் வாங்குவது பாதுகாப்பு.

வீட்டுக்குள் கவனிக்க வேண்டியவை:

* கோதுமை மாவு சலித்த சல்லடை, சப்பாத்திப் பலகை, பூரிக்கட்டை ஆகியவற்றை நோயாளியின் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது. மரத்தின் இடுக்கில் மாவு தங்கும், கழுவினாலும் முழுசாகப் போகாது.
* சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வார்க்கக் கூடாது. தனிக் கல் வைத்துவிட்டால் தலைவலி இல்லை.
* பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது.
* பிரட்டில் தடவிய கத்தியை ஜாம் பாட்டிலிலோ வெண்ணெய் டப்பாவிலோ திரும்ப விடக் கூடாது.
* குளூட்டன் இல்லாத மாவு டப்பா மேல் தட்டில், கோதுமை மாவு கீழ்த் தட்டில். மேலிருந்து கொட்டினால்தான் ஆபத்து.

சிறிய வீடு, ஒரே அடுப்பு, கூட்டுக் குடும்பம் என்றால் இவ்வளவையும் பிரித்து வைப்பது எளிதல்ல. கோதுமையை மொத்த வீடும் விட்டுவிடுவது செலவிலும் வேலையிலும் லாபம். அரிசியை நம்பும் சமையலில் அது முடியாத காரியமும் இல்லை. கடைசியில் வீட்டுக்கு வெளியே மட்டும் கோதுமை சாப்பிடுவதாக மற்றவர்கள் ஒப்புக்கொண்டாலே பாதிப் பிரச்னை தீர்ந்தது.

முதல் மாதம் உடம்பில் என்ன நடக்கும்?

வயிற்றுப்போக்கும் உப்புசமும் பலருக்குச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ குறையத் தொடங்கும். பசி திரும்பும். குழந்தைகள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிடுவார்கள். "இத்தனை நாள் கண்ணுல வைக்காத சோத்தை இப்ப ரெண்டாவது தடவை கேக்குறான்" என்று அம்மாக்கள் ஆச்சரியப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆனால் குடல் ஆறுவது அவ்வளவு வேகமாக நடக்காது. குழந்தைகளுக்குச் சில மாதங்களில் ஆறலாம். பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ரத்தத்தில் டி.டி.ஜி எண் இறங்கவும் மாதக்கணக்கு ஆகும் என்பதால், முதல் மாத முடிவிலேயே டெஸ்ட் எடுத்துப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

ஆரம்ப நாட்களில் இரண்டு விஷயங்கள் பலரைக் குழப்பும்.

முதலாவது பால். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் என்சைம், குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. நுனியே தேய்ந்திருக்கும்போது பால் குடித்தால் வயிறு பொருமும். "டயட்டும் வேலை செய்யலையே" என்று தோன்றும். டாக்டர் ஆலோசனையோடு சில வாரம் பாலைக் குறைத்தால் போதும், தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். குடல் ஆறியதும் பெரும்பாலும் பாலும் செரிக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது மலச்சிக்கல். முழுக் கோதுமை போய் வெள்ளை அரிசி மட்டும் மிஞ்சினால் நார்ச்சத்து குறையும். கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை, கொய்யா ஆகியவை அந்த இடத்தை நிரப்ப வேண்டும். சுகர் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சப்பாத்திக்குப் பதில் ஒரு தட்டு சோறு என்று மாறினால் சர்க்கரை அளவு எகிறும். கோதுமைக்குப் பதிலாக எதை, எவ்வளவு என்பதை டயட்டீஷியனிடம் கேட்டு மாற்றுவது நல்லது.

நோய் தெரியவரும்போது பலருக்கும் இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12, வைட்டமின் டி, கால்சியம் குறைந்திருக்கும். வயிறு சரியானதும் இந்த மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

இன்னொன்று, தவறு நடக்கும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் முதல் மாதத்தில் ஏதோ ஒரு நாள் தெரியாமல் சாப்பிட்டுவிடுவார்கள். சில மணி நேரத்திலோ மறுநாளோ வயிறு காட்டிக்கொடுக்கும். அன்று என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்கலாம். சிலருக்கு வயிறு காட்டிக்கொடுக்கவே செய்யாது. "சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகலையே" என்பதை வைத்து நோய் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிகுறி இல்லாமலும் குடல் பாதிக்கப்படும்.

கல்யாண வீடு, கோயில், பள்ளிக்கூடம்

வீட்டைச் சமாளித்த பிறகு வருவது ஊர். "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்ற கேள்வி இல்லாத விசேஷம் கிடையாது. பந்தியில் கேசரியைத் தவிர்ப்பது எளிது. சாம்பாரிலும் ரசத்திலும் எந்தப் பெருங்காயம் என்று சமையல்காரரிடம் கேட்பதுதான் கஷ்டம். வெள்ளைச் சோறு, தயிர், வாழைப்பழம், வீட்டிலிருந்து ஒரு டப்பா பொடி என்று பலர் பழகிக்கொள்கிறார்கள்.

கோயில் பிரசாதத்தில் ரவா கேசரி இருக்கலாம். தேவாலயங்களில் தரும் நற்கருணை அப்பம் கோதுமையில் செய்வது. குளூட்டன் முழுசாக நீக்கிய அப்பம் செல்லாது, மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பத்தைப் பயன்படுத்தலாம் என்று 2017-ல் வாடிகன் மறுபடியும் தெளிவுபடுத்தியது. வேண்டாம் என்று சொல்வது இந்த இடங்களில் மனசுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். முன்கூட்டியே குருக்களிடமோ பங்குத் தந்தையிடமோ சொல்லி வைத்தால் சங்கடம் குறையும்.

குழந்தைகள் விஷயத்தில் பள்ளி முக்கியம். அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் மெனுவில் பொங்கலோடு ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமாவும் கிச்சடியும் உண்டு. லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு நல்ல உணவான அது, சீலியாக் உள்ள ஒரு குழந்தைக்கு மட்டும் ஆகாது. தலைமை ஆசிரியரிடமும் சமையல் செய்பவரிடமும் டாக்டர் சீட்டோடு சொல்லி வைப்பது பெற்றோரின் வேலையாகிறது. பிறந்தநாள் கேக்கும் நண்பனின் பிஸ்கட்டும் பெரியவர்கள் இல்லாத நேரத்தில்தான் வரும் என்பதால், "எனக்கு ஆகாது" என்று சொல்லக் குழந்தையையே பழக்குவது எல்லாவற்றையும்விடப் பலன் தரும்.

லேபிள் எந்த அளவுக்குக் காப்பாற்றும்?

ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாவிட்டால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போடலாம். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த இந்த அளவையே இந்தியாவின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யும் பின்பற்றுகிறது. அதாவது அந்த உச்ச வரம்பில் உள்ள உணவை ஒரு நாளில் அரை கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராம்தான் ஆகும். பாக்கெட் உணவில் கோதுமை, பார்லி போன்ற குளூட்டன் தானியங்கள் இருந்தால் அதை ஒவ்வாமைத் தகவலாகத் தனியே குறிப்பிட வேண்டும் என்பது 2020-ம் ஆண்டின் லேபிள் விதி.

விதி நல்ல விதிதான். ஆனால் அது பாக்கெட்டைத்தான் பார்க்கிறது. தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் சாப்பிடுவதில் பெரும்பங்கு பாக்கெட்டில் வருவதில்லை. மளிகைக் கடையில் நிறுத்து வாங்கும் மாவு, மில்லில் அரைக்கும் பொடி, டீக்கடை பஜ்ஜி, ஸ்வீட் கடை முறுக்கு, தெருமுனை மெஸ் சாப்பாடு எதிலும் லேபிள் கிடையாது. நோயாளிக்கு அங்கே இருக்கும் ஒரே பாதுகாப்பு, கேட்பது. கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஆள் அங்கே இருக்க வேண்டும்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? இத்தாலியில் சீலியாக் உறுதியானவர்களுக்கு குளூட்டன் இல்லாத உணவு வாங்க அரசு மாதாந்திர உதவி தருகிறது. 2023-ல் குழந்தைகளுக்கு சீலியாக் மற்றும் டைப் 1 சர்க்கரை நோய்ப் பரிசோதனை செய்யத் தனிச் சட்டமே இயற்றியது. இங்கே சாதாரண பிஸ்கட்டைவிடப் பல மடங்கு விலையுள்ள குளூட்டன் ஃப்ரீ பிஸ்கட்டின் செலவு முழுக்கக் குடும்பத்தின் தலையில்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஓர் ஆறுதல், அந்த பிஸ்கட் தேவையே இல்லை என்பது. அவலும் கேழ்வரகு அடையும் இட்லியும் 'ஸ்பெஷல்' உணவு இல்லை. ரேஷன் அரிசியில் இந்த டயட்டை நடத்தலாம். விலையுயர்ந்த பாக்கெட்டுகள் பலவற்றில் அரிசி மாவும் ஸ்டார்ச்சும் சர்க்கரையும் கொழுப்பும்தான் அதிகம்.

நோய் இல்லாதவர்கள் நிறுத்தினால்?

டென்னிஸ் வீரர் நோவக் ஜோகோவிச் குளூட்டனை விட்டுவிட்டு 2011-ல் மூன்று கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றதிலிருந்து, இது ஆரோக்கியத்தின் அடையாளமாகவே விளம்பரமாகிவிட்டது. ஆனால் நோய் இல்லாதவர்களுக்கு இதனால் நன்மை என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவத் துறையினரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வில், குளூட்டன் சாப்பிடுவதற்கும் மாரடைப்பு போன்ற இதய நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. குளூட்டனுக்குப் பயந்து முழுதானியங்களைக் குறைப்பது இதயத்துக்கு நல்லதல்ல என்றும் அது எச்சரித்தது.

பரோட்டாவும் பிஸ்கட்டும் விட்டவர்களுக்கு எடை குறைவது உண்மைதான். அதற்குக் காரணம் மைதா, எண்ணெய், சர்க்கரை மூன்றும் ஒன்றாகக் குறைந்ததாக இருக்கலாம்.

இந்த ஃபேஷனால் நோயாளிகளுக்கும் ஒரு பாதிப்பு உண்டு. 'குளூட்டன் ஃப்ரீ' என்பது விருப்பமாக மாறிவிட்டால், ஹோட்டலில் ஒருவர் "எனக்கு கோதுமை ஆகாது" என்று சொல்லும்போது அதுவும் ஒரு விருப்பமாகவே கேட்கப்படும். அவருக்கு அது மருந்து. மாத்திரையை ஒரு நாள் விட்டாலும் பரவாயில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒரு வாய் கேசரியை நீட்டும்போதும் சொந்தபந்தங்கள் நினைவில் வைக்க வேண்டியது அதைத்தான்.